பர்னருக்கு வைத்த பொட்டு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்து என்ன சாதித்தது? கிழங்கைச் சுட்டுத் தின்றது, அவ்வளவுதான். நெருப்புக்கு உரிய மரியாதையைக் கொடுத்தது எங்கள் இலாகா ஒன்றுதான். கொல்லிமலையில் பைல் நாடு என்ற பகுதியில் ஓர் அங்கன்வாடிக்கு நாங்கள் வழங்கிய புதிய கேஸ் அடுப்பே அதற்குச் சாட்சி.

அடுப்பைத் தொடங்கி வைக்க எங்கள் அதிகாரி ஓம்பிரகாஷ் ஜீப்பில் மலையேறி வந்தார். அவருடைய கிளார்க் என்ற முறையில் சந்தனக் கிண்ணத்தை ஏந்தி நின்றவன் நான். புதுப்பொருள் எதுவானாலும் சந்தனம் குங்குமம் வைப்பது நம் வழக்கம். பஸ்ஸுக்கு வைக்கிறோம், போர்வெல் லாரிக்கு வைக்கிறோம். வேறு ஆளாக இருந்தால் அடுப்பின் ஓரத்தில் ஒரு பொட்டோடு முடித்திருப்பார். ஐயா கஞ்சத்தனம் அறியாதவர். இரண்டு பர்னரையும் சுற்றிச் சுற்றி, ஓர் ஓட்டை விடாமல் வழித்துப் பூசினார். போட்டோ எடுத்தோம். 'புகையில்லா மையம்: குழந்தைகளின் உணவுக்கு விறகு பயன்படுத்துதல் கூடாது' என்ற போர்டையும் மாட்டினோம்.

அன்றிலிருந்து அடுப்பு மிக அடக்கமாக எரிந்தது. அதன் தீயைப் பார்க்க வேண்டுமானால் ஜன்னலைச் சாத்த வேண்டும். உலை கொதிப்பதற்குள் பிள்ளைகள் பசியோடு தூங்கிவிடுகிறார்கள் என்று பிரிசில்லா டீச்சர் ஆபீசுக்குப் போன் செய்தார். மூன்று வயதில் இவ்வளவு அவசரமா என்று வருந்தினோம். ஆனாலும் உடனடியாக, அதாவது அடுத்த மாதமே, 'தீ நலிவு ஆய்வுக் குழு' அமைத்துக் கிளம்பினோம். ஐயா, நான், கேஸ் மெக்கானிக் தனபால்.

ஆய்வு கடுமையாக நடந்தது. சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தோம், கனமாகவே இருந்தது. ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டினோம். டியூபுக்குச் சோப்பு நுரை தடவினோம், எங்கும் கசிவு இல்லை. மிச்சம் இருந்தது பர்னர் மட்டும். அதில் சந்தனம் சிமெண்ட் மாதிரி இறுகிப் போயிருந்தது. சமையல் செய்யும் பாவாயி அதை முன்பே ஈர்க்குச்சியால் சுரண்டப் போய், 'அடுப்பு திறப்பு விழா போட்டோவில் உள்ளபடியே இருக்க வேண்டும்' என்று எங்களிடம் மெமோ வாங்கியவர்.

தனபால் குனிந்து பார்த்தார். "ஏனுங்க, இந்தச் சந்தனம்..."

"நான் வெச்சது" என்றார் ஐயா.

தனபால் நிமிர்ந்தார். "ரொம்ப லட்சணமா இருக்குதுங்க. கோளாறு மலையிலதானுங்க. உசரத்துல காத்து மெலிசு."

எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறித் தலை சுற்றிய நிலையிலும் இப்படி ஓர் உண்மையைக் கண்டுபிடிக்கும் மூளையை நான் கண்டதில்லை. குற்றவாளி மலைதான் என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. அதற்கு மெமோ கொடுத்தால் யார் கையெழுத்துப் போட்டு வாங்குவது என்பதுதான் சிக்கல்.

யோசித்த களைப்பில் ஐயா டீ கேட்டார். போன சுருக்கில் பாவாயி ஆவி பறக்க டம்ளர்களோடு வந்தார். ஒரு வாய் குடித்ததும் ஐயாவின் முகம் மலர்ந்தது.

"கேஸ் டீயோட ருசியே தனி. மலை மேலயும் பழி வேண்டாம். எழுதிக்குங்க, அடுப்பு நல்லா எரியுது, புகார் பொய்."

எழுதினேன். பாவாயி அங்கேயே நின்றார்.

"அது இந்தக் கட்டடத்துக்குப் பின்னால மூணு கல்லக் கூட்டி, சுள்ளி எரிச்சு வெச்ச டீங்க" என்றார்.

குழு திடுக்கிட்டது. போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று ஐயா கடுமையாகக் கேட்டார். பாவாயி நிதானமாகத் திரும்பிப் போர்டைப் பார்த்தார்.

"புள்ளைங்க சோத்துக்குத்தானுங்க வெறகு கூடாதுன்னு போட்டிருக்குது. ஆபீசருங்க டீக்குக் கூடாதுன்னு ஒண்ணும் போடலீங்களே."

ஐயா போர்டை ஒருமுறை முழுசாகப் படித்தார். விதிப்படி எல்லாம் சரியாக இருந்ததால் நிம்மதியாகத் தலையசைத்தார். அடுப்பின் மேல் அரிசி இன்னும் அரிசியாகவே கிடந்தது. பிள்ளைகள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு குழந்தை வெறும் தட்டை மார்போடு அணைத்திருந்தது. தூங்கும் பிள்ளைகளை எழுப்புவது பாவம் என்பதால், இரண்டாவது டம்ளர் டீயை நாங்கள் சத்தம் போடாமல் குடித்தோம்.