இருபத்தைந்து வருடத்தில் ஆறு சதவீதம்

சதவீதப் பேர்வழி என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். காகிதம் கேட்க மாட்டார், கைபேசியைத் தொட மாட்டார். கண் கூரையைப் பார்க்கும், உதடு லேசாக முணுமுணுக்கும், விடை வந்து விழும். முந்நூற்று நாற்பது குரோனர் ஸ்வெட்டருக்குப் பதினைந்து சதவீதம் தள்ளுபடி என்று பலகையில் கண்டால் போதும்: பத்து சதவீதம் முப்பத்துநான்கு, அதில் பாதி பதினேழு, ஆக ஐம்பத்தொன்று என்று, ஸ்வெட்டரைக் கையில் வைத்திருக்கும் முன்பின் தெரியாத பெண்மணியிடம் சொல்லிவிட்டுத்தான் நகர்வார். அந்தப் பெண்மணி கேட்டாரா? இல்லை. மழைக்கு முப்பது சதவீத வாய்ப்பு என்று வானொலி சொன்னால், எழுபது நம் பக்கம் என்று குடையை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்புவார். தொப்பலாக நனைந்து திரும்பி, "முப்பதுல மாட்டிக்கிட்டேன்" என்பார். வருத்தமே இருக்காது. கணக்கு சரியாகத்தானே இருந்தது!

டென்மார்க்கில் எங்கள் ஹோர்சென்ஸ் ஊரில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி, என் பக்கத்து வீட்டு தோர்கில். கதவு ஜன்னல் விற்கும் கடையில் வேலை. அவருடைய பெருமை ஒரு குறுக்குவழி.

"எழுபத்தஞ்சுல நாலு பர்சன்ட் எவ்ளோ? முழிக்கிற பாரு! திருப்பிப் போடுய்யா. நாலுல எழுபத்தஞ்சு பர்சன்ட். மூணு! ரெண்டும் ஒண்ணுதான்."

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இதை எனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று அவரிடமே கேட்டால், அதையும் சதவீதத்தில் சொல்வார்.

போன ஜூன் மாதம் தோர்கிலுக்கும் அவர் மனைவி பெனெடிக்டேவுக்கும் திருமண வெள்ளி விழா. இந்த ஊர் வழக்கப்படி, விடிந்ததும் அண்டை வீட்டார் எல்லாரும் அவர்கள் வாசலில் தேவதாருக் கிளைகளால் வளைவு கட்டி, பாட்டுப் பாடி இருவரையும் எழுப்பினோம். மதியம் அறுபது பேருக்கு விருந்து. விருந்தினர் கோப்பையைத் தட்டினால் தம்பதி முத்தமிட வேண்டும் என்பது இங்கே வழக்கம்; நாங்கள் முள்கரண்டியால் கண்ணாடிக் கோப்பைகளைத் தட்டத் தட்ட, இருவரும் நாற்காலிமேல் ஏறி நின்று முத்தமிட்டுக்கொண்டார்கள். பிறகு தோர்கில் உரையாற்ற எழுந்தார். பெனெடிக்டே கைக்குட்டையை மடியில் தயாராக வைத்துக்கொண்டார்.

"எனக்கு அம்பத்திரண்டு வயசு. அதுல இருபத்தஞ்சு வருஷம் இவளோட. நாப்பத்தெட்டு பர்சன்ட்!"

கைதட்டினோம். அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.

"ஆனா அதுல தூக்கம் முப்பத்துமூணு பர்சன்ட். வேலை இருபது. கார்லயும் வரிசையிலயும் ஏழு. சமையல், சாப்பாடு, பாத்திரம், டிவி இருபது. ஆச்சா, எம்பது. தோட்டம், கால்பந்து பதினாலு. மிச்சம் ஆறு. இருபத்தஞ்சுல ஆறு பர்சன்ட்னா, திருப்பிப் போடுங்க, ஆறுல இருபத்தஞ்சு பர்சன்ட். ஒன்றரை! நாங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசினது மொத்தமே ஒன்றரை வருஷம்தான்!"

சொல்லிவிட்டு, கைதட்டலுக்காகச் சுற்றிலும் பார்த்தார். ஒரு கரண்டி கூட அசையவில்லை. பெனெடிக்டேவின் அண்ணன் ஆஸ்கெர் மட்டும், "உக்காருய்யா மாப்ளே, போதும்" என்று கோட்டைப் பிடித்து இழுத்தார். கைக்குட்டை மடியிலிருந்து மேசைக்கு வந்துவிட்டது. பெனெடிக்டேவின் முகத்தைப் பார்த்தபோதுதான் தோர்கிலுக்கே ஏதோ உறைத்தது. சிவந்து, உட்கார்ந்தார்.

பெனெடிக்டே எழுந்தார்.

"ஒன்றரை வருஷம்னா பதினெட்டு மாசம். அதுல தொண்ணூறு பர்சன்ட் பேசினது இவர். எனக்குப் பத்து. புள்ளிய ஒரு இடம் தள்ளினா ஒண்ணு புள்ளி எட்டு மாசம். அம்பத்திநாலு நாள். அந்த அம்பத்திநாலு நாளும் நான் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: 'தோர்கில், கொஞ்சம் நிறுத்து!'"

கூடம் இடிந்துவிழும்படி சிரிப்பு. சிரிக்காமல் இருந்தவர் ஒருவர்தான். அவர் கண் கூரைக்குப் போய்விட்டிருந்தது.

"முப்பத்தொரு நாள் மாசமும் இருக்கே பெனெடிக்டே... அம்பத்தஞ்சு வரும்."

ஆஸ்கெர் தலையில் கை வைத்துக்கொண்டார். பெனெடிக்டே கணவர் பக்கம் திரும்பினார். உதட்டோரம் சிரிப்பு துடித்தது.

"அப்ப அந்த ஒரு நாள் எனக்குப் பாக்கி. நாளைக்கே குடு. நான் பேசுவேன், நீ வாயத் திறக்கக் கூடாது."

கோப்பைகள் மீண்டும் கணகணத்தன. இருவரும் நாற்காலி ஏறினார்கள்.

மறுநாள் காலை ஒரு கூடை ரொட்டியும் ஹெர்ரிங் மீனும் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனார்கள். மாலையில் திரும்பியபோது பெனெடிக்டேவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. "எப்படி இருந்தாரு?" என்று கேட்டேன். "மொத மணி நேரம் தண்ணிய விட்டு எடுத்த மீனாட்டம் துடிச்சாரு. அப்புறம் கேட்டாரு" என்று கரகரத்தார்.

தோர்கில் வேலியோரம் வந்தார்.

"அவளுக்குப் படகு ஓட்டக் கத்துக்கணுமாம். கல்யாணத்துக்கு முன்னாலேருந்தே ஆசையாம். எனக்குத் தெரியவே தெரியாது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நிறைய சிரிச்சா இன்னிக்கு."

"எத்தன பர்சன்ட்?"

"எண்ண ஆரம்பிச்சேன். நடுவுல விட்டுட்டேன்."

சொல்லும்போது அவருக்கே ஆச்சரியம். அடுத்த வாரம் படகுப் பயிற்சியில் இருவரும் சேர்ந்தார்கள். குணமாகிவிட்டாரா? அதெல்லாம் இல்லை. படகின் பாய் காற்றில் எத்தனை சதவீதத்தை வாங்குகிறது என்று பயிற்சியாளரைக் கேட்டுக் கொன்றுகொண்டிருப்பதாகக் கேள்வி.

நல்லவேளை, நாம் அந்த இனம் இல்லை என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் படிக்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் கண்ணைக் கீழே ஓட்டி, இது முடிய இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தீர்களே. "பாதி தாண்டியாச்சு" என்று உள்ளே ஒரு குரல் கேட்டதே, அது யாருடையது?

என்னுடையது இல்லை.