ஐந்து பத்துக்கு எடுத்த படம்

"நான் படுக்க மாட்டேன்" என்று பெரியவர் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ டெக்னீஷியனுக்கு அன்றைக்கு அது இருபத்திரண்டாவது நெஞ்சு. லிஃப்ட் ரிப்பேர். சாப்பிட்டுவிட்டு இரண்டு மாடி ஏறி வந்ததில் படபடப்பு இன்னும் அடங்கவில்லை. கொஞ்ச நாளாகவே இப்படித்தான். இந்த வேலை ஆளை உறிஞ்சுகிறது, வேறென்ன.

பெரியவர் பஸ் டிப்போவில் முப்பது வருடம் டைம்கீப்பராக இருந்தவர். நாடி தப்பித் தப்பி அடிக்கிறது என்று குடும்ப டாக்டர் அனுப்பியிருந்தார். துடிப்பு தாறுமாறானால் இதயத்தின் மேலறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகலாம். அது மூளைக்குப் போனால் பக்கவாதம். அந்த ஆபத்து எவ்வளவு என்று படத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

"வலிக்கவே வலிக்காதுங்க ஐயா."

"அஞ்சு மணிக்குக் கூப்பிடறேன்னீங்க. இப்ப மணி அஞ்சு எட்டு. உங்க பேச்சை எப்படி நம்பறது?"

"ஊசின்னாலே கட்டிலுக்கு அடியில போயிடுவார் தம்பி" என்றார் மனைவி.

"இதுல ஊசியே கிடையாதும்மா."

"அது எனக்குத் தெரியுது. அவருக்குத் தெரியணுமே."

வாதாடத் தெம்பில்லை. டெக்னீஷியன் திரையைப் பெரியவர் பக்கம் திருப்பிவிட்டு, தானே கட்டிலில் சாய்ந்து, சட்டையைத் திறந்து, ஜெல் தடவி, கருவியைத் தன் நெஞ்சில் வைத்துக் காட்டினார். பழக்கதோஷம், விரல் சேமிக்கும் பொத்தானையும் அழுத்தித் தொலைத்தது.

"பாருங்க, நான் அழறேனா?"

அப்புறம் பெரியவர் சமர்த்தாகப் படுத்துக்கொண்டார். துடிப்பும் ஒழுங்காகத்தான் தெரிந்தது. எல்லாம் முடிந்த பிறகுதான் டெக்னீஷியனுக்கு உறைத்தது. தன் படமும் பெரியவர் பெயரிலேயே கிடக்கிறது. மெஷினை வைத்து விளையாடினால் சீட்டுக் கிழியும் என்று போன மாதம்தான் மேலிடத்தில் எச்சரித்திருந்தார்கள்.

முதலில் எடுத்தது மேலே இருக்கும். மேலே இருந்ததை அவசர அவசரமாக அழித்துவிட்டு, மிச்சத்தை டாக்டருக்கு அனுப்பினார். பழைய மெஷினில் அப்படித்தான். இந்தப் புது மெஷின் வந்து நாலு நாள்தான் ஆகிறது.

ஐந்தே நிமிடத்தில் இதய டாக்டர் ஃபோனில் வந்தார்.

"மேலறை நல்லா வீங்கியிருக்கு. துடிப்புல ஒரு ஒழுங்கே இல்ல. பக்கவாதம் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது. ஆளை வீட்டுக்கு விடாதீங்க. இன்னைக்கே அட்மிட்."

டெக்னீஷியன் கண்ணைக் கசக்கிக்கொண்டார். நன்றாகத்தானே தெரிந்தது? களைப்பில் கண்ணும் போய்விட்டது போல. பக்குவமாகச் சொல்வோம் என்று ஆரம்பித்தார். மேலறை என்று சொல்வதற்குள்ளேயே மனைவி விசும்பத் தொடங்கினார். பயப்பட ஒன்றுமில்லை என்று சேர்த்துக்கொண்டதும், அந்த அம்மா மகளுக்கு ஃபோன் போட்டு ஓவென்று அழுதார்.

"படத்தை நான் பார்க்கணும்" என்றார் பெரியவர்.

காட்டினார். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையின் மூலையை உற்றுப் பார்த்தார். அங்கே இதயம் இல்லை, மணிதான் இருந்தது.

பிறகு மெதுவாகக் கட்டிலிலிருந்து இறங்கி, தலையணையைத் தட்டிப் போட்டார்.

"இதுல மணி அஞ்சு பத்துன்னு போட்டிருக்கு. அப்ப நான் நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தேன். வாங்க தம்பி, படுங்க. வலிக்கவே வலிக்காது."