லாரி டீயை எந்தத் தலைப்பில் எழுதுவது

தூத்துக்குடி
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மருமகன் முத்துச்செல்வத்துக்கு மாமா சிவசுப்பிரமணியன் எழுதுவது. இங்கே எனக்கும் உன் அத்தைக்கும் சுகத்துக்குக் குறைவில்லை, என் முழங்கால் நீங்கலாக. கோயம்புத்தூரில் நீயும் என் அக்காவும் நலமாக இருக்க வேண்டும். இமெயிலில் எழுதினால் 'நோட்டட் மாமா' என்று ஒரு வரி போட்டு முடித்துவிடுகிறாய். அதனால் தபாலில் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

நான் கணக்கு எழுதுகிற எங்கள் டிரஸ்டில் ஆட்கள் கைக்காசு போட்டுச் செய்யும் செலவைத் திருப்பித் தருவதற்கு ஒரு சாப்ட்வேர் இலவசமாகச் செய்து தருகிறேன் என்று நீ சொன்ன அன்று, ஆபீஸ் முழுக்க நான்தான் மிட்டாய் கொடுத்தேன். சோதனைக்கு என்று ஒன்று அனுப்பினாய். மூன்று மாதம் ஓடிவிட்டது. இப்போது, முழுசாகச் செய்வதற்கு முன்னால் உங்கள் தேவை என்ன, பணம் எப்படிக் கைமாறுகிறது என்று எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறாய். எழுதுகிறேன். ஆனால் முதலில் இதைத் தெரிந்துகொள். உன் சாப்ட்வேரால் பொன்செல்வி வேலையை விடப் போகிறாள்.

பொன்செல்வி யாரென்றால், வேம்பார் உப்பளத்துப் பிள்ளைகளுக்கு நாங்கள் நடத்தும் சாயங்கால வகுப்பின் டீச்சர். சம்பளம் ஒன்பதாயிரம். அதில் அவள் கைக்காசு மூவாயிரத்து நாற்பது ரூபாய் மூன்று மாதமாக உன் சாப்ட்வேருக்குள் மாட்டிக்கொண்டு கிடக்கிறது. ஒன்றாம் தேதிக்குள் வராவிட்டால் இறால் கம்பெனிக்குப் போய்விடுவதாகச் சொல்லிவிட்டாள். அங்கே உரித்த இறாலுக்கு அன்றன்றே கூலியாம். அவள் போனால் அந்த இருபத்தாறு பிள்ளைகளுக்கு வகுப்பு இல்லை, வேறு யாரும் அந்த வெயிலில் அங்கே போக மாட்டார்கள்.

இனி அவள் செலவைக் கேள். தூத்துக்குடியிலிருந்து வேம்பாருக்கு பஸ். அதற்கு டிக்கெட் இருக்கிறது, அது சரியாகிவிட்டது. பஸ் ஸ்டாப்பிலிருந்து உப்பளம் ஐந்து கிலோமீட்டர். ஆட்டோ நூற்றைம்பது கேட்பான். இவள் ஆட்டோவில் போவதில்லை. உப்பு ஏற்றக் காலியாகப் போகிற லாரியில் போகிறாள். டிரைவர் மாடக்கண்ணு நல்ல மனுஷன், காசு கொடுத்தால் கோபித்துக்கொள்வான், ஆனால் ஸ்டாப்பில் ஒரு டீயும் ஒரு வடையும் வாங்கிக் கொடுத்தால்தான் வண்டி நகரும். அங்கன அதுதான் வழக்கம். இருபது ரூபாய். இதை எந்தத் தலைப்பில் எழுதுவது? பயணம் என்று போட்டால் வண்டி நம்பரும் டிக்கெட்டும் கேட்கிறது. உணவு என்று போட்டால் 'உணவு உண்டவர் ஊழியரா?' என்று கேட்கிறது. இல்லை என்று அழுத்தினால் 'விருந்தினர் உபசரிப்பு, முன் அனுமதி தேவை' என்று சிவப்பில் காட்டுகிறது. மாடக்கண்ணு எந்த ஊர் விருந்தினர், மருமகனே?

பில் இல்லாவிட்டால் போட்டோ எடுத்து அனுப்பலாம் என்று நீதான் வழி வைத்திருந்தாய். இவள் போனைத் தூக்கியதும் மாடக்கண்ணு பதறிப்போய், "ஏளா, மொதலாளி பாத்தாருன்னா லாரியில ஆள் ஏத்துதேன்னு எஞ் சோலிய முடிச்சிருவாரு"ன்னு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். வந்த போட்டோவில் ஒரு துண்டும் ஒரு டீ கிளாசும்தான் இருக்கிறது. படம் தெளிவாக இல்லை என்று உன் சாப்ட்வேர் திருப்பி அனுப்பிவிட்டது. அப்புறம் பிள்ளைகளுக்குக் குடிதண்ணீர். உப்பளத்தில் குடிக்கத் தண்ணீர் ஏது, தினம் இரண்டு கேன், அறுபது ரூபாய். தண்ணீர் வண்டி சங்கரம்மாளிடம் பில் கேட்டதற்கு, "தண்ணிக்கு யாரு பில்லு போடுதா, கேனத் திருப்பித் தந்தாப் போதும்"னு சொல்லிட்டா. அப்படியானால் போட்டோ எடுக்க வேண்டும் என்றாள் பொன்செல்வி. மறுநாள் சங்கரம்மாள் பட்டுச்சேலை உடுத்தி வந்து நின்றாள். தண்ணீர் விற்கிறவர் போல் இல்லை என்று அந்தப் போட்டோவை நிறுத்தி வைத்தவர் எங்கள் செயலாளர் ஜெயசிங்.

இந்த ஜெயசிங் மையில் கையெழுத்துப் போடாமல் எதையும் நம்ப மாட்டார். போனில் 'அனுமதி' என்று அழுத்த அவருக்கு விரல் வராது. ஒவ்வொரு செலவையும் பிரின்ட் எடுத்து, கையெழுத்து வாங்கி, அதைப் போட்டோ எடுத்து ஏற்றச் சொன்னார். ஒரு பிரின்ட் ஐந்து ரூபாய். பிரின்ட் எடுத்த ஐந்து ரூபாயும் செலவுதானே, அதை ஏற்றினால் அதற்கு ஒரு பிரின்ட். போன மாதம் பதினோராவது பிரின்டில் நான்தான் நிறுத்தினேன்.

இதில் எனக்கு வயிறு எரிகிற விஷயம் ஒன்று. உன் விதிப்படி இருநூறு ரூபாய்க்குள் ஆட்டோ என்றால் பில்லே வேண்டாம், ஒரு டிக் போதும். இந்த மூன்று மாதத்தில் அவள் வகுப்புக்குப் போன முப்பத்தெட்டு நாளுக்கும் ஆட்டோ என்று டிக் அடித்திருந்தால் ஐயாயிரத்து எழுநூறு மறுநாளே கைக்கு வந்திருக்கும். நானே அதைச் சொல்லிப் பார்த்தேன், வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். "ஏறாத ஆட்டோவ நான் எப்படி அண்ணாச்சி எழுதுவேன்? அந்தப் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக்கூடாதுன்னு பாடம் நடத்துதவ நான்" என்று கேட்டுவிட்டாள். 

ஆகவே எங்கள் தேவை இதுதான். பில் கிடைக்காத இடம் என்று ஒரு பட்டன் வை. அதை அழுத்தினால் எங்கே, எதற்கு, எவ்வளவு என்று இரண்டு வரி தமிழில் எழுத இடம் கொடு, கூட வேலை செய்கிற ஒருவர் ஆமாம் என்றால் பணம் போகட்டும். நூறு ரூபாய்க்குக் கீழே யாரிடமும் அனுமதி கேட்காதே. ஜெயசிங்கிடம் சொன்னேன். "ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்வே, ஒருத்திக்காக மாத்த முடியாது" என்கிறார். நீ அவரைக் கேட்க வேண்டாம். ஒன்றாம் தேதிக்குள் மாற்றிவிடு. இது உன் மாமாவின் உத்தரவு என்று வைத்துக்கொள்.

அக்காவைச் சர்க்கரை மாத்திரையை விடாமல் போடச் சொல். உனக்கு இந்த வருஷமாவது நல்ல இடத்தில் பெண் அமைந்து, நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க திருச்செந்தூர் முருகன் துணையிருப்பான்.

இப்படிக்கு, உன் மாமா
சிவசுப்பிரமணியன்

பின்குறிப்பு (புதன்கிழமை): தபாலில் போடாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. மேலே கேட்டது எதையும் இப்போது செய்யாதே. இன்று காலை பொன்செல்வி ராஜினாமாக் கடிதத்தோடு வந்துவிட்டாள். நாளை மறுநாள் சென்னையிலிருந்து நிதி தருகிறவர்கள் வேம்பார் வகுப்பைப் பார்க்க வருகிறார்கள். ஜெயசிங்குக்கு வியர்த்துவிட்டது. தன் பர்ஸிலிருந்து மூவாயிரத்து நாற்பதையும் எண்ணி அவள் கையில் கொடுத்து, கடிதத்தைக் கிழிக்க வைத்துவிட்டார். அவள் வேம்பார் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள். பிறகு மனுஷர் அந்தப் பணத்தைத் தன் செலவாக சாப்ட்வேரில் ஏற்றினார். செயலாளர் செலவுக்கு அனுமதி தர வேண்டியவன் கணக்கன் என்று நீதானே வைத்திருக்கிறாய்? என் போனுக்கு வந்தது. பில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டேன். மத்தியானத்திலிருந்து உன் நம்பரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்த பிறகுதான் கொடுப்பேன். போன் வந்தால் மேலே உள்ள தேவைகளை அவர் சொல்வதாகவே எழுதிக்கொள், கையெழுத்தும் அவரிடமே வாங்கு.