மஞ்சள் துணி கட்டிய வால்வு

வாயைத் திறந்தால் பல் தந்தியடிக்கிற அளவுக்குக் குளிரான ஒரு காட்டில் மாதையன் என்றொரு கரடி இருந்தது. அதன் பெண்டாட்டி மாரக்கா குட்டி போட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. பதினாறாம் நாள் குட்டிக்குத் தலைமுழுக்கு. அதற்கு வேண்டியது ஒரு வாளி வெந்நீர், அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்துக் குகையின் வெளிச்சுவரில் மாட்டியிருந்த பாய்லர் ஒழுகித் தொலைத்தது. சூடேறச் சூடேறச் சொட்டிக்கொண்டே இருந்ததில், குழாயைத் திறந்தால் வெதுவெதுப்பாகக்கூட வரவில்லை.

மாதையன் பிளம்பர் மரங்கொத்தியைக் கூட்டிவந்தது. அது பாய்லரை மேலும் கீழும் கொத்திப் பார்த்தது. டேங்க் நன்றாகத்தான் இருக்கிறது, அடியில் உள்ள வால்வில்தான் உப்புப் படிந்து மூடமாட்டேன் என்கிறது என்றது. மெயின் குழாயை அடைத்து, தண்ணீரை ஆறவிட்டு வடித்து, பழசைக் கழற்றி, மரையில் டேப் சுற்றிப் புதுசை மாட்டினால் அரைமணி வேலை. ஆனால் புது வால்வு புதன்கிழமைதான் வருமாம். அதுவரை கட்டிவைக்க ஒரு துணி கேட்டது. குட்டி பிறந்த வீட்டில் கைக்கு அகப்பட்டது மஞ்சளில் முக்கின துணிதான். அதையே வால்வில் இறுக்கிக் கட்டிவிட்டுப் பறந்தது. சொட்டு விழுந்து மண் அரிக்காமல் இருக்க மாதையன் கீழே ஒரு கல்லையும் வைத்தது. கெட்டது குடி.

மறுநாள் அந்தப் பக்கம் போன ஆடு, மஞ்சள் துணியையும் கல்லையும் ஆவியையும் பார்த்தது. அப்படியே விழுந்து கும்பிட்டது. சாயங்காலத்துக்குள் கல்லுக்குப் பொட்டு வந்தது. ஒற்றைக்காலில் நிற்கத் தெரிந்த ஒரே தகுதியில் கொக்கு பூசாரியானது. அப்புறம் வேலி, வரிசை, டோக்கன்.

புதன்கிழமை மரங்கொத்தி புது வால்வோடு வந்ததும் மாதையனுக்குப் போன உயிர் திரும்பியது. ஆனால் ஸ்பானரை வால்வில் வைப்பதற்குள் கொக்கு ஓடிவந்து, முதல் துணி கட்டிய புண்ணியவான் இவர்தான் என்று மரங்கொத்தியின் தலையில் பரிவட்டம் கட்டிவிட்டது. மரங்கொத்தி ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டது.

மாதையன் கொக்கிடம் கெஞ்சியது. "சாமி, அது வால்வு. என் வீட்டு வால்வு. கெட்டுப்போயிருக்கு."

"யாரு இல்லைன்னா?" என்றது கொக்கு. "கெடாம இருந்தா நமக்கெல்லாம் எப்படிக் காட்சி குடுத்திருக்கும்?"

புது வால்வும் வீண்போகவில்லை. பழசு மூலவர், புதுசு உற்சவர் என்று முடிவாகி, அன்றைக்கே பல்லக்கில் காட்டைச் சுற்றிவந்தது. முன்தண்டைத் தூக்கியது மாதையன்தான். மாட்டேன் என்றால் அக்கம்பக்கம் என்ன பேசும்?

பதினாறாம் நாள் காலையில் மாதையன் வாளியோடு தன் வீட்டு வாசலிலேயே வரிசையில் நின்றது. டோக்கன் நானூற்றுப் பன்னிரண்டு. முறை வந்தபோது கொக்கு வாளியை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, உள்ளங்கையில் ஒரு கரண்டி தீர்த்தம் விட்டது. மாதையன் சிந்தாமல் ஓடியது. அந்தத் தண்ணீரில் குட்டியின் இடது காது மட்டும் குளித்தது.

மாரக்கா காதைத் துவட்டிவிட்டு, சாந்தமாகச் சொன்னது: "போய் வலது காதுக்கு டோக்கன் போட்டுட்டு வாங்க."

நீதி: ஒழுகும் வால்வை எப்போதும் அழுக்குத் துணியால்தான் கட்ட வேண்டும்.