கூட்டிப் பெருக்கிய சோளக்காடு

நம் ஆட்கள் எதைச் சொன்னாலும் கேட்பார்கள். விரதம் இரு என்றால் இருப்பார்கள். வெறுங்காலோடு மலையேறு என்றால் ஏறுவார்கள். தரையில் கிடக்கிற சருகைத் தொடாதே என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், கை அரிக்க ஆரம்பித்துவிடும். இதை நான் எங்கேயும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இங்கே மலேசியாவில், ஜெஞ்சாரோமில் அரை ஏக்கர் சோளக்காட்டைப் பறிகொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

அப்போது கிள்ளான் பக்கம் மேருவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலை எனக்கு. (இப்போதும் அதே வேலைதான். ஏன் என்பது போகப் போகப் புரியும்.) சனி, ஞாயிறு மட்டும் விவசாயி. மிஸ்டர் டான் என்ற சீனப் பெரியவரின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சோளம் போட்டேன். முதல் போகம் எல்லாரையும் போல உழுது விதைத்தேன், நன்றாகவே விளைந்தது. அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. காணொளி பார்த்தேன்.

உழவே வேண்டாமாம். அறுவடை முடிந்ததும் சோளத்தட்டையையும் இலையையும் நிலத்திலேயே பரப்பி விட்டுவிட வேண்டும். அதுதான் மூடாக்கு. ஈரம் காயாது, களை வராது, மக்கி உரமாகும். அடுத்த விதைப்புக்கு ஓர் இயந்திரம் உண்டு. அதன் வட்டத் தகடு மூடாக்கை வெட்டிக்கொண்டு போய் மண்ணில் கோடு கீறும், விதை அந்தக் கோட்டுக்குள் விழும். ஒரே நிபந்தனை, தட்டை எங்கும் ஒரே சீராகப் பரவி, மொறுமொறுவென்று காய்ந்திருக்க வேண்டும். ஈரமாகவோ குவியலாகவோ இருந்தால் தகடு அதை வெட்டாது, மடித்துக் கோட்டுக்குள் திணித்துவிடும். விதை மண்ணைத் தொடாமல் தட்டை மெத்தையில் சொகுசாகப் படுத்துக்கொள்ளும், முளைக்காது.

நான் நிபந்தனையை மீறுகிறவனா? வார இறுதிகளெல்லாம் புல்வெட்டும் மெஷினால் தட்டையைத் துண்டு துண்டாக நறுக்கி, இரும்பு வாரியால் இழுத்து இழுத்துப் பரப்பினேன். இடுப்பு கழன்றது. என் மனைவி கலா ஒருநாள் வந்து பார்த்தாள்.

"வீட்டுல ஒரு போர்வைய மடிச்சதில்ல. இங்க வந்து சோளத்தட்டைக்குத் தலை வாரி விடுறீங்களா?"

அவள் பேச்சை விடுங்கள். மிஸ்டர் டானும் வந்தார். ரப்பர் தோட்டப்புறத்தில் தமிழர்களோடே வளர்ந்தவர், தமிழில் நன்றாகத் திட்டுவார்.

"சேகர், என்னா இது? அறுத்து முடிச்சி குப்பைய அள்ளலியா?"

"குப்பை இல்ல அங்கிள், மூடாக்கு" என்று ஆரம்பித்து நான் நிகழ்த்திய சொற்பொழிவை அவர் கொசுவை அடித்துக்கொண்டே கேட்டார்.

"சரி லா. ஞாயித்துக்கெழம வர்றேன், வெதைச்சிக் காட்டு. நல்லா இருந்தா நீயே வச்சிக்க. இல்லாட்டி ஒருத்தன் லோரி நிறுத்த எடம் கேக்குறான், அவனுக்குக் குடுத்துருவேன்."

அந்த நிலத்தின் மேல் அப்படி ஓர் ஆசை எனக்கு. வாரமெல்லாம் இரும்புச் சத்தம் கேட்ட காதுக்கு, காற்றில் சோள இலை உரசுவது ஒன்றுதான் மருந்து. அதை லோரிக்குக் கொடுப்பதா?

சாமி கும்பிட்டு ஆரம்பிப்போம் என்று நினைத்தேன். அதுதான் வினை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் கலாவின் அக்கா மங்களத்துக்குப் போன் போட்டு, விதைப்புக்கு முன் பொங்கல் வைத்துத் தரச் சொன்னேன். வெள்ளிக்கிழமைதோறும் கோயிலைக் கூட்டிக் கழுவும் பெண்கள் குழுவுக்குத் தலைவி அவர்.

"எடத்த நான் பாத்துக்கறேன் தம்பி, நீங்க கவலப்படாதீங்க."

"சரிக்கா. ஆனா உழக்கூடாது. அது மட்டும் ஞாபகம் வச்சிக்கங்க."

"சேச்சே, நாங்க ஏன் உழப்போறோம்?"

ஞாயிற்றுக்கிழமை காலை இயந்திரத்தை வாடகைக்கு எடுத்துவர கிள்ளானுக்குப் போனேன். பாலத்தில் ஜாம். (அந்தப் பாலத்தில் என்றைக்கு ஜாம் இல்லை?) ஒருவழியாக இயந்திரத்தோடு ஜெஞ்சாரோம் வந்து சேர்ந்தால், இடம் மாறி வந்துவிட்டோமோ என்று சந்தேகமாகிவிட்டது.

அரை ஏக்கரும் கல்யாண மண்டபத் தரை மாதிரி துடைத்துக் கிடந்தது. வரிசையாகப் பெண்கள், கையில் ஈர்க்கு விளக்குமாறு. என் தட்டையெல்லாம் வேலியோரம் கோபுரமாக நின்றது. தூசி பறக்காமல் இருக்க, மங்களம் அக்காவின் கணவர் ராஜு என் மருந்தடிக்கும் பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு அந்தக் கோபுரத்துக்கு நிதானமாகத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். நிலத்தின் நடுவில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, காவி கட்டி, பெரிய வட்டக் கோலம். பக்கத்தில் பொங்கல் பொங்கிக்கொண்டிருந்தது.

"எப்படி தம்பி?" அக்காவின் முகத்தில் வேர்வையும் பெருமையும் வழிந்தன. "டான் அங்கிள் குப்பைன்னு சொன்னாராமே? கலா சொன்னா. இப்ப வந்து சொல்லட்டும் பாக்கலாம்!"

"அக்கா! உழக்கூடாதுன்னு சொன்னேனேக்கா!"

"உழவே இல்லியே. மண்ண ஒரு கீறு கீறல, வேணும்னா பாருங்க. கூட்டத்தான் செஞ்சோம்."

அழுவதா சிரிப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே மிஸ்டர் டானின் கார் வந்து நின்றது. இறங்கினார், சுற்றிலும் பார்த்தார். கோலத்தருகே வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டார்.

"வாஹ்! இப்பதான் தோட்டம் மாரி இருக்கு சேகர். இப்படியே கிளீனா வச்சிக்கிட்டா, ஓக்கே லா, நீயே செய்யி."

மூளை உள்ள எவனும் இந்த இடத்தில் "தேங்க்ஸ் அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் பொங்கல் சாப்பிட உட்கார்ந்திருப்பான். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"இல்ல அங்கிள், இது தப்பு. சரியா எப்படி இருக்கணும்னு காட்டுறேன், இருங்க."

கலா என் முழங்கையைக் கிள்ளினாள். நான் கையை உதறிக்கொண்டேன். அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அள்ளுனதையே திருப்பிப் போடணுமா தம்பி?"

"ஆமாக்கா!"

விடியற்காலையிலிருந்து குனிந்து கூட்டிய பெண்கள், சொட்டச் சொட்ட நனைந்த தட்டையை வாரி வாரி எறிந்தார்கள். என் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த எறிதலில் தெரிந்தது. இங்கே ஒரு மலை, அங்கே ஒரு மொட்டை. கோலத்தின் மேல் மட்டும் ஒரு துரும்பு போட அக்கா விடவில்லை. சாமி குத்தமாம்.

இயந்திரத்தைக் கிளப்பினேன். தகடு முதல் குவியல்மேல் ஏறியது, வெட்டவில்லை. இரண்டாவதைக் கவ்வியது, விடவில்லை. தட்டை தகடுகளுக்கு நடுவில் சிக்கி, முன்னால் சேர்ந்து, வளர்ந்து, என் மார் உயரத்துக்கு வந்துவிட்டது. நான் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினேன். இயந்திரம் என்னையும் தட்டையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கோலத்தைக் கடந்து, நேராக வேலியோரம் போய், காலையில் கோபுரம் நின்ற அதே இடத்தில் எல்லாவற்றையும் குவித்துவிட்டு இருமி நின்றது.

"பாத்தீங்களா தம்பி" என்றார் மங்களம் அக்கா. "அங்கதான் வைக்கணும்னு மெஷினுக்கே தெரியுது."

பெண்கள் சிரித்த சிரிப்பில் ராஜு அண்ணன் பம்பைக் கீழே போட்டுவிட்டார். மிஸ்டர் டான் மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாகச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"கிளீனாதான் இருந்திச்சி சேகர். நீதான் மறுபடி குப்பையாக்குன."

ஒரு போகம் மட்டும் பொறுத்துக்கொண்டார். பிடிவாதமாகத் தட்டையை மறுபடி இழுத்துப் போட்டு, அன்று மாலைக்குள் முழுவதையும் விதைத்து முடித்தேன். என்ன பயன்? தட்டை மெத்தையில் படுத்த விதைகளை எலிகள் தின்றன. கோலம் போட்ட வட்டத்தில் மட்டும் சோளம் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. நான் மூடாக்கின் அறிவியலைச் சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் அக்கா அந்த வட்டத்தைக் கைகாட்டினார். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. அதே அறிவியலை வைத்து வேறு யாரோ எங்கேயோ நன்றாக விளைவித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இன்னும் எரிகிறது.

இப்போது என் வீட்டில் யாரையும் எதையும் எடுத்து வைக்கச் சொல்ல முடியாது. மகளின் அறையில் கட்டில் தெரியாத அளவுக்குத் துணி கிடக்கும். வாசலில் நின்று நான் தொண்டையைக் கனைத்தாலே போதும், போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்வாள்: "தொடாதீங்கப்பா, மூடாக்கு." மங்களம் அக்கா வந்தால் விளக்குமாற்றைக் கையில் எடுத்துக்கொண்டு, "தம்பி, கூட்டலாமா?" என்று கூடத்தில் நின்று அனுமதி கேட்பார்.

போன மாதம் எல்லாரும் ஜெஞ்சாரோம் வழியாகக் காரில் வந்தோம். என் நிலம் முழுக்க சிமெண்டு போட்டிருந்தார்கள். கழுவி நிறுத்திய லோரிகள், தரையில் ஓர் இலை கிடையாது. பின் சீட்டிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தார்.

"எவ்ளோ சுத்தமா வச்சிருக்கான் பாருங்க தம்பி."