தலைவரின் வெள்ளை ஐந்து ரூபாய்

"சேர், அந்த வெள்ளை ஐஞ்சு ரூவாக் குத்திய ஒருக்கா இந்தத் தராசில வையுங்கோ."

திருகோணமலைத் துறைமுக வட்டார நாணயப் பிழை ஆராய்ச்சிச் சங்கத்தின் மகத்தான வரலாற்றில் இப்படியொரு கோரிக்கை எழுந்ததேயில்லை. வாய்க்குப் போய்க்கொண்டிருந்த தேநீர்க் கோப்பைகள் பாதிவழியில் நின்றன. கேட்டவள் சுலக்ஷனா. சல்லி என்ற கரையோரக் கிராமத்தில் கருவாடு காயப்போடும் வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள்; இரசாயனவியல் பட்டதாரி; சங்கத்தின் "தற்காலிக விஞ்ஞான ஆலோசகர்". கண்ணாடிப் பெட்டி துடைப்பதும் தேநீர் ஊற்றுவதும் இங்கே விஞ்ஞானத்தில் அடங்கும்.

வேலைக்கு வந்த அன்றே செயலாளர் கலீலுர் றஹ்மான் அவளைத் தனியே கூப்பிட்டுப் புத்தி சொல்லியிருந்தார். மின்விசிறி கேட்கலாம், லீவு கேட்கலாம், துணிவிருந்தால் சம்பள உயர்வுகூடக் கேட்டுப் பார்க்கலாம். தலைவரின் நாணயத்தை நிறுக்க மட்டும் ஒருபோதும் கேட்கக்கூடாது.

சங்கத்தின் பெருமை அறியாதவர்களுக்காக ஒரு விளக்கம். நாணயம் அடிக்கும் இடத்தில் ஒன்றுக்கான உலோக வட்டு எப்போதாவது தவறி இன்னொன்றின் அச்சுக்குள் போய்விடும். மஞ்சளாக வரவேண்டியது வெள்ளையாக வந்து விழும். கடைக்காரனுக்கு அது சந்தேகம், சேகரிப்பவருக்கு மாணிக்கம். துறைமுகத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்ந்த தலைவர் ஹெக்டரிடம் அப்படியொரு ஐந்து ரூபாய்க் குற்றி இருந்தது. மஞ்சள் ஐந்து ரூபாயின் அச்சு, பாரம் குறைந்த வேறொரு வெள்ளை வட்டில் விழுந்து பிறந்த அற்புதம் அது என்பது அவர் வாக்கு. அந்த வாக்கின் மேல்தான் சங்கம் நின்றது. மறுநாள் திறக்கவிருந்த கண்காட்சியும் நின்றது.

ஒவ்வொரு கூட்டமும் "தரிசனத்துடன்" தொடங்கும். நாணயத்தைத் தொடும் உரிமை தலைவருக்கு மட்டுமே. அவர் பெருவிரலை நாக்கில் நனைத்து அதன் விளிம்பைத் தேய்ப்பார். உறுப்பினர்கள் பதவி வரிசையில் எழுந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பார்கள். தேய்த்துத் தேய்த்து அண்மையில் விளிம்பில் கொஞ்சம் மஞ்சள் எட்டிப் பார்த்தது. வேறு சங்கமென்றால் பதறியிருக்கும். இவர்கள் ஆழ்ந்து ஆராய்ந்து, இது "இரட்டைப் பிழை", ஆகவே இரட்டிப்பு அபூர்வம் என்று தீர்மானம் நிறைவேற்றினார்கள்.

இப்போது நாணயத்துக்கு அருகில் வைக்க ஒரு சான்றிதழ் வேண்டும். அதில் பட்டதாரி ஒருவரின் கையொப்பம் வேண்டும். போட்டால் அவள் நிரந்தரக் காப்பாளர். நியமனக் கடிதம் தலைவரின் முன்னால் மேசையில் தயாராகக் கிடந்தது. போடாவிட்டால் பழையபடி சல்லி, பழையபடி "படிச்சு என்னத்தைக் கண்டவள்" என்ற ஊர்க் கதை. அம்மாவோ மகளுக்கு உத்தியோகம் நிரந்தரமாகிவிட்டதென்று ஏற்கெனவே அயலெல்லாம் சொல்லி முடித்திருந்தாள்.

பொருளாளர் தவராசா எழுந்தார். "நிறுத்துப் பாக்கிறது மீனுக்குச் சரி, பிள்ளை. இது மரபு."

சபை இதை உரிய கண்ணியத்துடன் ரசித்துச் சிரித்தது.

"ஓம் அங்கிள். ஆனா எங்கட அம்மா தராச ஒளிச்சு வைச்சிட்டு மீன் வித்ததில்லை."

சிரிப்பு நின்றது. உண்மைக்குத் தான் அஞ்சியவரல்லர் என்று தலைவர் அறிவித்தார். அறிவித்தபின் வேறு வழியில்லாமல் நாணயத்தையும் கொடுத்தார்.

எண் காட்டும் அந்தச் சின்ன மின்தராசு சுலக்ஷனாவின் சொந்தம்; ரியூசன் கொடுத்து வாங்கியது. பஸ்ஸுக்கு வைத்திருந்த சாதாரண மஞ்சள் ஐந்து ரூபாய்க் குற்றியை முதலில் வைத்தாள். பிறகு தலைவரின் அற்புதத்தை வைத்தாள். பாரம் குறைந்திருக்க வேண்டிய அற்புதம், மஞ்சள் குற்றியைவிட ஒரு மயிரிழை அதிகமாகக் காட்டியது.

"இதுவும் மஞ்சள் குத்திதான், சேர். மேல வெள்ளை பூசியிருக்கு. போட் எஞ்சின் சாமானுக்குப் பூசுவினமே, அது. நீங்கள் தேய்க்கத் தேய்க்கக் கழண்டு வருது."

எங்கோ ஒரு கப்பல் ஊதியது. கடைசியில் செயலாளர்தான் சங்கத்தைக் கரைசேர்த்தார்.

"தராசு பிழை," என்றார்.

சபை மூச்சு விட்டது. தேநீர் குடித்தது. சுலக்ஷனா விடவில்லை. உறுப்பினர்களின் பையில் கிடந்த குற்றிகளை ஒவ்வொன்றாக வாங்கி வைத்துக் காட்டினாள். எல்லாவற்றுக்கும் தராசு ஒழுங்காகவே சொன்னது. தவராசாவின் மோதிரத்துக்குக்கூட, நகைக்கடைத் துண்டுச்சீட்டில் இருந்த நிறையையே சொன்னது.

செயலாளரின் முகம் மெல்ல மலர்ந்தது. "அப்ப இது தலைவர்ட நாணயத்துக்கு மட்டும் பிழைக்கிற தராசு. உலகத்தில வேற எங்கயும் இருக்கா?"

இல்லை என்று சபை ஒரே குரலில் ஒப்புக்கொண்டது. யாப்பு விதிகளின்படி பிழையான பொருளை மட்டுமே சங்கம் தன் சேகரிப்பில் சேர்க்கலாம். தராசு தகுதி பெற்றது. அதை நாணயத்தின் பக்கத்திலேயே காட்சிக்கு வைப்பதென்று தவராசா பிரேரிக்க, தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. சான்றிதழில் தராசின் பிழையையும் சேர்த்து எழுதினார்கள்.

தலைவர் உருகிப்போனார். "நீங்கள் கண்டுபிடிச்ச பிழை, மகள். உங்கட பேரையும் போடுவம்." பேனாவின் மூடியைத் தானே கழற்றி நீட்டினார். நியமனக் கடிதத்தையும் அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

கையொப்பம் போடுவதா இல்லையா என்று சுலக்ஷனா யோசிக்கவில்லை. அது தராசில் எண் விழுந்தபோதே முடிந்த காரியம். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதைத்தான் யோசித்தாள். அதற்கும் வழி தெரியவில்லை. தலைவரின் நாணயத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். தராசின் சுவிட்சை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு எழும்பினாள்.

செயலாளர் குறுக்கே வந்தார். "தராச வைச்சிட்டுப் போங்க மகள். அது இப்ப சங்கத்துச் சொத்து. தீர்மானம் போட்டாச்சு."

"ஏலாது சேர். இது சரியான தராசு. பிழையானதுகள்தானே உங்கட சங்கத்தில இருக்க வேணும்." அவரைத் தாண்டிப் போய், வாசலில் நின்று எல்லாரையும் ஒருமுறை பார்த்தாள்.

"நீங்கள் இருங்கோ," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வெளியேறினாள்.