ஐந்தாவது கரண்டி

ஐந்தாவது கரண்டி மிளகாய்த்தூளையும் போட்டாயிற்று. மீன்கறி செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. கஜேந்திரன் ஒரு சொட்டை நாக்கில் வைத்துக் காத்திருந்தான். ஒன்றும் நடக்கவில்லை.

நிஷாந்தினி போய் முப்பத்தெட்டு நாள். டெங்கு. ஐந்தே நாளில் எல்லாம் முடிந்தது. அவன் கனத்தை மயானத்திலும் அழவில்லை, முப்பத்தோராம் நாள் கிரியையிலும் அழவில்லை. "கல்லு மாதிரி நிக்கிறார்" என்று மாமியார் யாருக்கோ சொன்னது காதில் விழுந்தது. போன கறண்ட் வரும் என்று இருட்டில் உட்கார்ந்திருப்பதுபோல, அழுகை வரும் என்று உட்கார்ந்திருந்தான்.

முப்பத்தொன்று முடியும்வரை அயலவர் கொடுத்த மரக்கறிச் சாப்பாடு. பிறகு சொந்தச் சமையல், அவள் நிரப்பி வைத்துவிட்டுப் போன போத்தல் தூளில். ஒரு கரண்டி உறைக்கவில்லை. மூன்று உறைக்கவில்லை. இப்போது ஐந்து.

உறைப்புக்குப் பேர்போனவன் அவன். மூன்று வருடத்துக்கு முன் வயிற்றில் புண், மிளகாயை நிறுத்து என்று டொக்டர் சொன்னபோது, "அதுக்குச் சாகலாம்" என்று வீட்டுக்கு வந்து சத்தம் போட்டான்.

"சரி, சரி. குறைக்க மாட்டன்" என்றாள் நிஷாந்தினி. பிறகு, "மிளகாயில உறைப்பு எங்க இருக்கு? விதையிலயோ?" என்று கேட்டாள்.

"விதையில இல்ல. விதை ஒட்டியிருக்கிற வெள்ளைச் சவ்வில."

உயிரியல் வாத்தியார் அல்லவா, லைட் பில்லின் பின்பக்கத்தில் படமே கீறிக் காட்டினான்.

கறி சிவப்பாகத்தான் வந்தது. ஒவ்வொரு வாய்க்கும் அவள் 'ஸ்ஸ்' என்று இழுத்துத் தண்ணீர் குடிப்பாள். "உங்கட நாக்கு என்ன, பஸ் டயரோ?" என்பாள். அவனுக்குப் பெருமையாக இருக்கும். புண்ணும் தன்பாட்டில் ஆறிவிட்டது. டொக்டர்மாருக்கு என்ன தெரியும்?

அவளுக்குத்தான் ஒரு சின்னத் தொந்தரவு. தூள் அரைக்க மில்லுக்குப் போய்வந்த நாட்களில் கை சிவந்து எரியும். தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு நிற்பாள். "சோப் பவுடர் ஒத்துவரேல்ல" என்பாள். அவன் மூன்று தடவை சோப் பவுடரை மாற்றினான்.

மறுநாள் வெள்ளவத்தை ரியூஷன் வகுப்பில் பாடமும் அதுவாகவே வந்து வாய்த்தது.

"நரம்பு நுனியில சின்னச் சின்னக் கதவுகள் இருக்கு. டி.ஆர்.பி. கால்வாய் எண்டு பேர். ஒரு கதவு சூட்டுக்கும் திறக்கும், மிளகாய்க்கும் திறக்கும். மூளைக்கு ரெண்டும் ஒண்டுதான். அதாலதான் மிளகாய் எரியுது. இன்னொரு கதவு குளிருக்கும் மெந்தோலுக்கும்."

"கதவு திறக்காட்டி, சேர்?" என்றாள் முன்வாங்கில் இருந்த அர்பா.

"எரிஞ்சாலும் எரியுறது தெரியாது."

வகுப்பு சிரித்தது. அவன் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கொட்டாஞ்சேனை வீட்டுக்குத் திரும்பியதும் தைலப் போத்தலைத் திறந்து நாக்கில் தடவினான். குளிர்ந்தது. ஆகவே குளிர்க்கதவு சரி. பழுது சூட்டுக்கதவில்தான். தேத்தண்ணி சுட்டதை அவன் கணக்கில் எடுக்கவில்லை. சூட்டுக்கு வேறு கதவுகளும் உண்டு என்று தனக்கே பாடம் எடுத்தான்.

பரிசோதனை என்றால் இரண்டாவது ஆள் வேண்டும். மேல்மாடி மெல்ரோயைக் கூப்பிட்டுக் கறியைக் கொடுத்தான்.

"எப்பிடி மச்சான், உறைக்குதா?"

மெல்ரோய் மென்றான். இன்னொரு வாய் மென்றான். "இல்லையே."

"வடிவாப் பார். அஞ்சு கரண்டி."

"அஞ்சா?" மெல்ரோயின் முகம் வெளுத்தது. "உனக்கும் உறைக்கேல்லையா? ஐயோ மச்சான், இது தொத்துமோ?"

அடுத்த நாளிலிருந்து மெல்ரோய் முகக்கவசம் போட்டுக்கொண்டு படியேறினான். கீழ்வீட்டுக்காரர்களும் போட்டார்கள்.

டொக்டரிடம் போனான்.

"மரத்துப்போச்சு டொக்டர்."

"எந்த இடம்?"

"எல்லா இடமும்."

டொக்டர் விற்றமின் எழுதிக் கொடுத்தார். அன்று ஏழு கரண்டி போட்டான். எட்டாவதுக்குப் போத்தலில் கரண்டி கிறீச்சென்று அடியைச் சுரண்டியது.

சித்திரை வரைக்கும் வந்திருக்க வேண்டிய தூள். அவள் கைபட்டதில் வீட்டில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். பதினாறு நாளில் தின்று முடித்துவிட்டான். அதற்கும் கண் கலங்கவில்லை. போத்தலைக் கழுவாமல் பையில் வைத்துக்கொண்டு அவள் வழக்கமாகப் போகும் மில்லுக்கு நடந்தான்.

வாசலிலேயே தொண்டை பிடித்துக்கொண்டது. உள்ளே யாருடைய மிளகாயோ அரைபட்டுக்கொண்டிருந்தது. தும்மினான், இருமினான், கண்ணால் தண்ணீர் கொட்டியது. கதவு வேலை செய்கிறது! நாற்பத்தெட்டு நாளில் முதல் தடவையாகக் கன்னம் நனைந்தது.

மில்காரி பாக்கியலெட்சுமி எட்டிப் பார்த்தாள். அவன் போத்தலை நீட்டினான்.

"இந்தத் தூள்தான். நல்ல உறைப்பு மிளகாயாப் பாத்துப் போடுங்கோ. உறைக்கேல்ல."

அவள் போத்தலை வாங்கி மோந்து பார்த்தாள். "நீங்கதான் அந்த அல்சர் சேரா? புள்ள வரலயா?"

நிஷாந்தினி போனதைச் சொன்னான். அவள் அப்படியே சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"இது எப்பிடி உறைக்கும் சேர்? அந்தா, அந்த வாங்குலதான் குந்திக்கிட்டு இருக்கும். ஒவ்வொரு மிளகாயா கீறி, உள்ளுக்க இருக்கிற வெள்ளச் சவ்வ நகத்தால சுரண்டும். விதய எடுத்தாப் போதும் புள்ளன்னு சொல்லுவேன். 'இல்ல அக்கா, எங்கட வீட்டு வாத்தியார் படம் கீறிப் படிப்பிச்சது, உறைப்பு இதிலதான்'னு சிரிக்கும். மூணு வருசமா, சேர்."

எழுந்துபோய் மெசினை நிறுத்தினாள். தூள் மெல்ல அடங்கியது. அவன் கண் அடங்கவில்லை.

பாக்கியலெட்சுமி போத்தலை அவன் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"உங்க கறியில இல்லாத உறைப்பு முழுக்க அந்தப் புள்ள கையிலதான் இருந்திச்சு, சேர்."